பள்ளத்தின் பக்கம்

பனிச்சறுக்கு பற்றித் தமிழில் எழுதுவதற்கு உருப்படியான காரணம் ஒன்றும் இல்லை. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வைக்கோல்போர் மேல் படிந்திருப்பது. அதில் யாரும் சறுக்கியதில்லை. ஜலதோஷம் பிடித்ததுதான் உண்டு. தவிர, நம் பத்திரிகைகள் விளையாட்டு பற்றி எழுதுவதில்லை என்பது ஒரு எழுதப்படாத விதி. இலக்கியவாதிகள் கிரிக்கெட் பார்ப்பார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். இருந்தும் 34 வயதில், வங்கிக் குமாஸ்தாவாகிய நான் (குமாஸ்தா என்ற சொல்லை வங்கிகள் கைவிட்டுவிட்டன, நான் விடவில்லை) இரண்டு குளிர்காலங்களாக உத்தராகண்டில் ஆவ்லி என்ற மலைச்சரிவுக்குப் போய் இதைக் கற்று வருகிறேன். முதல் தடவை எல்.எஃப்.சி.யில். இரண்டாம் தடவை கைக்காசில். நண்பர்கள் இதை நடுவயதுக் கிறுக்கு என்று வகைப்படுத்திவிட்டார்கள். வகைப்படுத்துவது நம் தொழில் ஆகையால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் எழுத வந்தது உத்தி பற்றி. கவிதை குறித்த நம் சர்ச்சைகளில் இந்தச் சொல் இரண்டு விதமாகத்தான் வருகிறது. அனுபவம்தான் கவிதை, உத்தி வெறும் ஒப்பனை என்பார்கள் ஒரு சாரார். அனுபவம் தீவிரமாக இருந்தால் வடிவம் தானே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது இவர்கள் நம்பிக்கை. அனுபவம் பால்காரருக்கும் இருக்கிறது, உத்திதான் கவிஞனைப் பிரித்துக் காட்டுகிறது என்பார்கள் மறு சாரார். இரண்டு பேருமே உத்தியை அனுபவத்திலிருந்து கழற்றி மேஜை மேல் வைக்கக்கூடிய ஒரு சாமானாகத்தான் பார்க்கிறார்கள். சரிவில், வழுக்குகிற இரண்டு பலகைகள் மேல், பத்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும். இந்தப் பிரிவினை நிற்காது. நாமும்தான்.

இந்த வித்தையின் வரலாறு ஒரு வாசகனிடம் தொடங்குகிறது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். செங்குத்துச் சரிவில் இறங்கும் வகையைச் சொல்கிறேன். நார்வேக்காரர்கள் எத்தனையோ தலைமுறைகளாகப் பலகை கட்டிப் பனியில் நடந்தவர்கள். ‘ஸ்லாலம்’ என்ற சொல்லே அவர்களுடையது, சரிவு, தடம் என்ற இரண்டு சொற்களின் கூட்டு. 1888ல் நான்சென் கிரீன்லாந்தைப் பலகைகளில் குறுக்காகக் கடந்தார், புத்தகமும் எழுதினார். அதை ஆஸ்திரியாவில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்பவர் படித்தார். ஆசிரியர், ஓவியர், சிற்பி. லிலியன்ஃபெல்ட் என்ற ஊருக்கு மேலே ஒதுங்கி வாழ்ந்தவர். படித்த கையோடு நார்வேயிலிருந்து ஒரு ஜோடி வரவழைத்தார். வந்தவை நெடுநீளப் பலகைகள், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் நிலத்துக்கு ஆனவை. இவர் வாசலிலோ ஆல்ப்ஸ். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வருஷக்கணக்கில் தனியே விழுந்து எழுந்து, பலகையைக் குட்டையாக்கி, கால் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் உலோகப் பிணைப்பு செய்து, ஒற்றைக் கம்போடு திருப்பித் திருப்பி இறங்கும் ஒரு முறையை வகுத்தார். 1896ல் அதைப் புத்தகமாகப் போட்டார். 1905 மார்ச் 19 அன்று முக்கன்கோகல் மலையில் கம்பங்கள் நட்டு அவற்றினூடே இறங்கும் போட்டியையும் நடத்தினார். நார்வே முறைதான் முறை, மற்றதெல்லாம் அபசாரம் என்றவர்களோடு அவருக்கு நடந்த சண்டை நம் யாப்புச் சண்டைக்குச் சற்றும் குறைந்தது அல்ல. 1916ல், போர்க்களத்தில், பனிச்சரிவில் புதைந்து உடம்பெல்லாம் எலும்பு முறிந்து பிழைத்தார். பிறகும் சறுக்கினார். புத்தகம் படித்துக் கெட்டுப்போனவர்களின் வரிசையில் இவருக்கு முன்னிடம் தரவேண்டும்.

தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சரிவில் ஒரு பந்தை வைத்தால் எந்த வழியாக உருண்டு போகுமோ அந்த வழிக்கு ஃபால் லைன் என்று பெயர். சறுக்குவது என்பது இந்தக் கோட்டோடு ஒருவன் வைத்துக்கொள்ளும் உறவு. கோட்டின் வழியே விட்டால் வேகம். குறுக்கே நின்றால் நிற்பு. இரண்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து வேகத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பதுதான் வித்தை. முதலில் கற்றுத்தருவது ஸ்னோப்ளோ: பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பகுதிகளை அகட்டி, ஆப்பு மாதிரி வைத்து, உள்விளிம்புகளால் பனியைச் சுரண்டிக்கொண்டே இறங்குவது. முழுக்க முழுக்க பிரேக். பாதுகாப்பானது, அவலட்சணமானது; ஒரு மணி நேரத்தில் தொடையைப் பிழிந்துவிடும். ஒரு வாரத்தில் யாருக்கும் வந்துவிடும். அடுத்த கட்டம், பலகைகள் இரண்டும் இணையாக ஓட, ஒரு பக்க விளிம்புகளிலிருந்து மறுபக்க விளிம்புகளுக்கு மாறி மாறித் திரும்புவது. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போகும் வழியில்தான் ஜனங்கள் ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறார்கள். பாதித் திருப்பத்தில் ஆப்பு, மீதித் திருப்பத்தில் இணை. பார்வைக்குச் சறுக்குவது போலவே இருக்கும்.

பலகையின் வடிவத்தைக் கவனிக்கவேண்டும். இடையில் குறுகி, இரு முனைகளிலும் அகன்றது. விளிம்பில் சாய்த்து எடையை ஏற்றினால் வில்லாக வளைந்து, தானே ஒரு வட்டத்தின் துண்டைப் பனியில் வரையும். 1993ல் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இந்த இடைக்குறுகலை வெகுவாகக் கூட்டி ஒரு பலகையைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் தொடர்ந்தார்கள், ஆளைவிட நீளமான பழைய பலகைகள் சில வருஷங்களில் பரண் ஏறின. ஆக, திருப்பம் என்பது நாம் செய்வது அல்ல, பலகை செய்வது. நாம் செய்யவேண்டியது அதைச் சாய்த்துவிட்டு அதன் மேல் நிற்பது. இரண்டில் எதன் மேல்? வெளிப் பலகையின் மேல். இடப்பக்கம் திரும்பினால் வலது கால். அதாவது திருப்பம் முடிகிற தறுவாயில் பள்ளத்தின் பக்கம் இருக்கப்போகும் கால்.

விஷயம் இங்கேதான். சரிவில் நிற்கிற உடம்பு பள்ளத்தைக் கண்டதும் மலையின் பக்கம் சாய்கிறது. பின்னால் உட்காரப் பார்க்கிறது. இது புராதன ஞானம். மரத்திலிருந்து இறங்கியவனோடு இறங்கி வந்தது. ஆனால் சாய்ந்த மறுகணம் எடை மேல் காலுக்குப் போய்விடுகிறது. கீழ்ப் பலகையின் விளிம்பு பனியை விட்டுவிடுகிறது. பின்னால் உட்கார்ந்ததால் முன்முனை லேசாகி, திரும்பச் சொன்னால் கேட்பதில்லை. கேட்காததால் வேகம் கூடுகிறது. வேகம் கூடியதால் இன்னும் பின்னால். விழாமல் இருப்பதற்காக உடம்பு செய்யும் அதே காரியம்தான் ஆளைத் தள்ளுகிறது. பயம் தனக்கு வேண்டிய சாட்சிகளைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மாற்று என்ன என்றால், கணைக்காலின் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்தவேண்டும். கைகள் முன்னால், கண்ணில் படும்படி. இடுப்பு உள்ளே போனாலும் மார்பு வெளியே, பள்ளத்தின் மேல், நிற்கவேண்டும். ஒவ்வொரு திருப்பத்தின் தொடக்கத்திலும், பலகைகள் இன்னும் வளைந்து வந்து தாங்கத் தொடங்காத ஒரு கணத்தில், உடம்பை முழுசாகக் கீழ்நோக்கிக் கொடுத்துவிட வேண்டும். தாங்கும் என்று தெரிந்துகொண்டு கொடுக்க வழியில்லை. கொடுத்தால்தான் தாங்கும்.

இதில் வேதாந்தம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளலாம். எனக்கு அக்கறை வேறு. அந்தக் கணத்தில் எது உத்தி, எது அனுபவம்? முன்னெலும்பு நாக்கில் அழுந்துவது உத்தியா? பயமாயிருக்கிறது, இருந்தும் அழுத்துகிறேன் என்பது அனுபவமா? இரண்டும் ஒரே அழுத்தம்தான். உத்தி தெரியாதவனுக்கு இந்த அனுபவம் கிடைப்பதே இல்லை. அவனுக்குக் கிடைப்பது விழுகிற அனுபவம், அதை எந்தப் படிக்கட்டிலும் பெறலாம்.

ஆவ்லிக்கு ஜோஷிமட்டிலிருந்து ஏறவேண்டும். 2023 ஜனவரியில் பூமி இறங்கி வீடுகள் வெடித்த ஊர். குடியிருக்கத் தகாதவை என்று நிர்வாகம் சிவப்பில் பெருக்கல் குறி போட்ட சுவர்கள். அந்த மாதம் நின்ற ரோப்வே நான் போன இரண்டு தடவையும் ஓடவில்லை, ஜீப்தான். மேலே போனால் எதிரே நந்தாதேவி, 7816 மீட்டர். அதைப் பார்க்க விடமாட்டார் எங்கள் பயிற்சியாளர். கட்வாலி, என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். எனக்கு இந்தி வந்தது வங்கிப் பரீட்சைகளில்: பிரபோத், பிரவீண், பிராக்ய. மூன்றாவதன் பெயர் நம் சிறுபத்திரிகைகள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பிரக்ஞைக்கு நெருங்கிய உறவு என்பதைப் பரீட்சை எழுதும்போதே கவனித்தேன். அங்கே அதற்கு ஒரு இன்கிரிமென்ட் கிடைக்கிறது. இந்த இந்தியை வைத்துக்கொண்டு எடை, விளிம்பு, கோணம் எல்லாம் பேசிப் பார்த்தேன். அவர் காது கொடுக்கவில்லை. “பள்ளத்தோடு கை குலுக்குங்க சார்” என்பார். அவ்வளவுதான் அவருடைய கோட்பாடு.

ஆனால் பயிற்சிகள் வைத்திருந்தார். ஒரு நாள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாள் பூட்ஸின் கொக்கிகளைக் கழற்றிவிட்டு இறங்கச் சொன்னார். இறுக்கம் போனபின் சமன் எங்கே இருக்கிறது என்று உடம்பே தேடியாக வேண்டும். பக்கவாட்டில் வழுக்கவிட்டு, விளிம்பைப் பிடித்து நிறுத்தி, மறுபடி வழுக்கவிட்டு, இப்படியே ஒரு காலை முழுவதும். பிறகு நான் மிகவும் மதிக்கும் பயிற்சி: திருப்பம் தொடங்கி முடியும்வரை உள் காலின் பின்பகுதியைப் பனியிலிருந்து தூக்கியே வைத்திருக்க வேண்டும். இதில் பொய் சொல்ல முடியாது. எடை வெளிக்காலில் இல்லையென்றால் உள் கால் எழும்பாது, எழும்பினாலும் உடனே தட்டென்று இறங்கும். விமர்சனத்திலும் இப்படி ஒன்று இருந்தால் தேவலை. கவிதை மேல் எடையை வைத்திருக்கிறோமா, நாம் ஏற்கனவே வைத்திருக்கும் அபிப்பிராயத்தின் மேலா என்று ஒரு காலைத் தூக்கச் சொல்லிப் பார்க்கலாம். தேறுகிறவர்கள் பெயர்களை ஒரு கையில் எண்ணலாம். நான் இங்கே எண்ணப் போவதில்லை.

எங்கள் கிளையில் ஒரு சீனியர் கேஷியர் இருந்தார், ஓய்வு பெற்றுவிட்டார். மெஷின் எண்ணிய கட்டை மறுபடி கையால் எண்ணுவார். 100 நோட்டு, கண் மூடித் திறப்பதற்குள். நடுவில் மட்டமான காகிதம் ஒன்று இருந்தால் விரல் அங்கே நின்றுவிடும். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று எண்ணும்போது ஒரு தடவை கேட்டேன். “சும்மா இருங்க தம்பி, கை எண்ணிக்கிட்டிருக்கு” என்றார். டென்னிஸ் பற்றி எழுதிப் பேர்வாங்கிய டிமதி கால்வே, பாப் கிரீகலுடன் சேர்ந்து 1977ல் ‘இன்னர் ஸ்கீயிங்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அதன் சாரம் கேஷியர் சொன்னதுதான். நமக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் உத்தரவும் தீர்ப்பும் போடுகிறவன், மற்றவன் காரியம் செய்கிறவன். முதலாமவன் வாயை மூடினால் இரண்டாமவன் நன்றாகச் செய்வான். சரிவில் இது மெய். ‘முழங்காலை மடக்கு, தோளைத் திருப்பு’ என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கையில் யாரும் சீராக இறங்கியதில்லை. ஆனாலும் புத்தகம் என்னைச் சீண்டியது. தீர்ப்புச் சொல்கிறவன் என்று அவர் துரத்தியடிப்பவன் வேறு யாருமில்லை, விமர்சகன். அவனை முற்றாக ஒழித்துவிட்டால், ஆப்பு வைத்து இறங்குகிறவன் ஆயுள் முழுக்க ஆனந்தமாக ஆப்பு வைத்தே இறங்குவான். நம்மிடையே அப்படி ஆனந்தமாக எழுதுகிறவர்கள் நிறைய. அவனுக்கு உரிய நேரம் வேறு என்பதுதான் சரி. எங்கள் பயிற்சியாளர் பகலில் பேசுவதே இல்லை. சாயங்காலம் டீக்கடையில், செல்போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, கொலைகாரத்தனமாகப் பேசுவார்.

இந்தச் சாயங்கால ஆசாமிகளின் குலபதி என்று கிரனோபிளின் ஜார்ஜ் ஜூபேரைச் சொல்லவேண்டும். ஸ்குவா வேலியில் 1960 ஒலிம்பிக்ஸில், உலோகப் பலகைகளில், முட்டை மாதிரி உடம்பைக் குறுக்கிக்கொண்டு இறங்கித் தங்கம் வாங்கிய ழான் வ்வார்னேயோடு சேர்ந்து சறுக்கு முறைகளைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். அவர் காலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு அதிகாரபூர்வமான முறை இருந்தது. ஆஸ்திரிய முறை, பிரெஞ்சு முறை. பள்ளிகள் அதைப் போதித்தன, பந்தயக்காரர்கள் அதை மீறி ஜெயித்தார்கள். ஜூபேர் பள்ளிகளை விட்டுவிட்டுப் பந்தயக்காரர்களைப் படம் பிடித்தார். அவர்கள் கால்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்று சட்டகம் சட்டகமாகப் பார்த்தார். மேட்டில் ஏறும்போது முழங்கால்கள் மடங்கி அந்த மேட்டை வாங்கிக்கொள்வதைக் கண்டு, அதற்கு ‘விழுங்குதல்’ என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்தார். அது செய்தவர்களுக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. பெயர் வந்தபின் மற்றவர்களும் கற்கமுடிந்தது. விமர்சனம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. இலக்கணத்தை எடுத்துக்கொண்டு கவிதையிடம் போவது வேறு வேலை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

1976 பிப்ரவரியில் இன்ஸ்ப்ரூக்கில் ஃப்ரான்ஸ் கிளாம்மர் இறங்கியதை இப்போது யாரும் பார்க்கலாம். 15வது ஆளாகப் புறப்பட்டார். 1972ல் தங்கம் வென்ற ஸ்விஸ்காரர் பெர்ன்ஹார்ட் ருஸ்ஸி முன்னதாகவே இறங்கி ஒரு நேரத்தை வைத்துவிட்டுக் கீழே காத்திருந்தார். மஞ்சள் உடையில் கிளாம்மர் இறங்குவதைப் பார்த்தால் எந்தப் பள்ளியும் சான்றிதழ் தராது. கைகள் காற்றைத் துழாவுகின்றன, பலகைகள் பிரிகின்றன, ஒவ்வொரு திருப்பத்திலும் விழப்போகிறார். 1 நிமிஷம் 45.73 வினாடி, ருஸ்ஸியை விட 0.33 வினாடி குறைவு. இதைக் காட்டி, பார்த்தீர்களா, உத்தி வேண்டாம், ஆவேசம் போதும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். படத்தை மறுபடி பார்க்கவேண்டும், கைகளை விட்டுவிட்டுக் கால்களை மட்டும். மேலே அத்தனை கலவரம் நடக்கும்போதும் மார்பு பள்ளத்தின் பக்கம்தான். ஒரு தடவைகூட மலைப் பக்கம் ஒதுங்கவில்லை. சிதறியது அழகு மட்டும்தான்.

யாப்பு பற்றிப் பேசுகிறவர்களுக்கும் ஒரு சம்பவம் வைத்திருக்கிறேன். 2012–13 பருவத்தில் சர்வதேச ஸ்கீ சம்மேளனம், காயங்களைக் குறைப்பதற்கென்று, ஆண்களின் ஜயன்ட் ஸ்லாலம் பலகைகளின் வளைவு ஆரத்தை 27 மீட்டரிலிருந்து 35 மீட்டராக்கியது. அதாவது பலகை பழையபடி நேராகிவிட்டது, சுலபத்தில் வளையாது. அமெரிக்காவின் டெட் லிகெட்டி இதை எல்லோரையும்விடக் கடுமையாக எதிர்த்து எழுதினார், பேசினார். விதி மாறவில்லை. புதிய பலகையில் முதல் பந்தயம் ஆஸ்திரியாவில் சோல்டனில். லிகெட்டி 2.75 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். நூறில் ஒரு பங்கு வினாடிகளில் தீர்மானமாகும் பந்தயத்தில் இது இரண்டாமவனை அடுத்த ஊரில் விட்டுவிட்டு வருவதற்குச் சமம். அந்தப் பருவத்தில் உலகச் சாம்பியன் போட்டியில் மூன்று தங்கம். பலகை வளையாதபோது, திருப்பத்தின் தொடக்கத்திலேயே மற்றவர்களைவிட அதிகமாக உடம்பைச் சாய்த்துக் கொடுக்க அவரால் முடிந்தது. கட்டுப்பாடு நல்லது என்பதற்கு இது சான்று என்று புலவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் எதிர்த்ததும் சரிதான்; 2017ல் ஆரத்தை 30க்கு இறக்கினார்கள். வெண்பா யாருக்கு வந்தது என்பதுதான் கேள்வியே தவிர, வெண்பா வேண்டுமா என்பது அல்ல.

இவ்வளவும் எதற்கு என்றால், என் மேஜை மேல் நாலு மாதமாக ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது. கல்லூரிக் காலத்திலிருந்து நண்பர். அவருடைய இரண்டாவது தொகுதி. 41 கவிதைகள். முன்னுரை கேட்டிருக்கிறார். “என்னைத் தூக்கி எழுத வேண்டாங்க, பார்த்ததை எழுதுங்க” என்றார். அவர் கவிதைகளை முதலில் அச்சில் பாராட்டியவன் நான். அதனால் இந்தப் பிரதியின் கனம் கூடிப்போயிற்று. ஆவ்லிக்கு இரண்டாம் தடவை போனபோது பெட்டியில் இதுவும் வந்தது. இரவில், கம்பளிக்குள், கையுறையோடு பக்கம் புரட்டினேன்.

நல்ல தொடக்கங்கள். அவருடைய கண் இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது. ஒரு காட்சி நகரத் தொடங்குகிறது, வேகம் பிடிக்கிறது, அதற்கு மேல் போனால் எங்கே கொண்டுபோய் விடுமோ என்கிற இடத்தில் ஒரு எள்ளல். கடைசி இரண்டு வரியில் ஒரு சொடுக்கு, வாசகன் சிரிக்கிறான், கவிதை நிற்கிறது. பத்து கவிதையில் இது சாமர்த்தியம். 37ல் இது பிரேக். ஆப்பு வைத்தபடி இறங்கியிருக்கிறார். அவருக்குத் தெரிந்தேதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்தச் சொடுக்குக்காகத்தான் கூட்டங்களில் கைதட்டுகிறார்கள். அவர் மலையின் பக்கம் சாய்வதற்கு எங்கள் கைதட்டல் ஒரு சாய்மானம்.

பிரதியின் கடைசியில், மற்றவற்றோடு சேராமல், பென்சிலில் கேள்விக்குறி போட்டு ஒரு கவிதை வைத்திருந்தார். கண் ஆபரேஷன் முடிந்து அரசு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மா, கட்டுக்கு மேல் இன்னொரு கையை வைத்துக்கொண்டு, மகன் சவரம் செய்துகொள்ளாத முகத்தைத் தடவி, வேறு யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தப் பெயர் யாருடையது என்று கவிதை சொல்லவில்லை. மகனும் கேட்கவில்லை. எள்ளல் இல்லை, சொடுக்கு இல்லை. நடுவில் இரண்டு வரிகள் தடுமாறுகின்றன, ஒரு சொல் தப்பான இடத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்தால் கவிதை கெட்டுவிடும்.

முன்னுரை எழுதவில்லை. பதிலாக ஐந்து பக்கம் கடிதம் எழுதினேன். 37 கவிதைகளின் எண்களையும் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு வரியை அடித்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள், நிற்கிறவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றும், கேள்விக்குறியை அழித்துவிட்டு அம்மா கவிதையை முதலில் போடுங்கள், அதில் ஒரு எழுத்தையும் தொடவேண்டாம் என்றும். எந்தெந்தக் கவிதையில் எந்த வரியிலிருந்து பின்னால் உட்காரத் தொடங்குகிறார் என்பதையும் குறித்தேன். அது என்ன ‘பின்னால் உட்காருவது’ என்று அவருக்குப் புரியாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. பாராட்டு ஒரு வரியும் எழுதவில்லை. அவருக்கு நான் கடன்பட்டிருப்பது பாராட்டு அல்ல.

கடிதம் போய் ஆறு வாரம் ஆகிறது. பதில் இல்லை. அச்சகத்தில் அட்டை தயாராகிவிட்டதாகக் கேள்வி. பிப்ரவரிக்குப் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மானேஜர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.